கட்டைவிரலின் பங்கு

பஸ் ஆலப்பாக்கம் தாண்டியதும் போன் அதிர்ந்தது. சிதம்பரத்தில் வீடியோ கேம் போட்டி நடத்துகிறவர்கள் அனுப்பிய செய்தி. 'பைனலில் கன்ட்ரோலர் வைத்து ஆடுபவருக்கு எய்ம் அசிஸ்ட் கிடையாது. கமிட்டியின் முடிவு. ஒத்துழைப்புக்கு நன்றி.' அதன் கீழே கை கூப்புகிற படம் ஒன்று.

பைனலில் ஆடுவது இரண்டே பேர். அதில் கன்ட்ரோலர் வைத்திருப்பது நான் ஒருத்திதான். 'அருள்மொழிக்குக் கிடையாது' என்று பெயரைப் போட்டே அனுப்பியிருக்கலாம். அதற்கு மட்டும் என்ன கூச்சமோ தெரியவில்லை.

"இன்னாடி, மூஞ்சி இப்டிப் போவுது?" என்றாள் பக்கத்து சீட்டில் இருந்த நஜியா.

போனை நீட்டினேன். பள்ளிக்கூட நாளிலிருந்து என் கூடவே இருக்கிறவள் அவள். எந்தக் கெட்ட செய்தியையும் இரண்டு முறை படித்துவிட்டுத்தான் நம்புவாள். இதையும் இரண்டு முறை படித்தாள்.

"அப்ப மவுஸ்காரனுக்கு எதுவும் ஆஃப் இல்லியா?"

"அவனுக்கு எதை ஆஃப் பண்றது? கையயா?"

"எறங்கிடலாமா அருளு? புதுச்சத்திரத்துல எறங்குனா எதிர்ப் பஸ்ஸு கெடைக்கும்."

"நீ வேணா எறங்கு. கன்சோல மடியில வெச்சிகினு இவ்ளோ தூரம் வந்துட்டேன். போயி சண்டையாவது போட்டுட்டுத்தான் வருவேன்."

துப்பாக்கி ஆட்டம் தெரியாதவர்களுக்கு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் கோபம் உங்களுக்கு விளங்காது. ரெட் ஹார்பர் என்பது ஒரு துறைமுகத்துக்குள் எதிராளியைத் தேடிப் பிடித்துச் சுடுகிற ஆட்டம். கம்ப்யூட்டரில் மவுஸ் வைத்து ஆடுகிறவனும், டிவியில் கன்சோல் என்கிற ஆட்டப் பெட்டியை மாட்டி, இரண்டு கையாலும் பிடிக்கிற கன்ட்ரோலரில் ஆடுகிறவளும் ஒரே களத்தில் மோதலாம். மவுஸ்காரன் தோளிலிருந்து விரல் நுனி வரைக்கும் மொத்தக் கையையும் வைத்துக் குறி பார்க்கிறான். எனக்குக் குறி பார்க்க இருப்பது வலது கட்டைவிரல் ஒன்றுதான். அந்த விரல் ஆட்டுகிற குச்சியும் கொட்டைப்பாக்கு அகலத்துக்கு மேல் அசையாது. அதனால் என் குறி எதிராளிக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் ஆட்டமே அதைக் கொஞ்சம் பிடித்து நிறுத்தித் தரும். அதற்குப் பெயர்தான் எய்ம் அசிஸ்ட். அது உதவி இல்லை என்று நான் சாதிக்க மாட்டேன். உதவிதான், கிட்டத்தில் நின்று சுடும்போது நல்ல உதவிதான். ஆனால் குறியைப் பக்கத்தில் கொண்டுவந்து சேர்க்க வேண்டியது நான்.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுத் தருகிறவள். பவர் ஸ்டியரிங் இருக்கிறது என்பதற்காக எந்த வண்டியும் தானாகக் கிளம்பித் திருவந்திபுரம் போய்ப் பெருமாளைச் சேவித்துவிட்டு வந்ததில்லை. திருப்புகிற ஆள் திருப்ப வேண்டும். இதை எத்தனையோ மவுஸ்காரர்களிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன். அவர்களுக்குப் புரியாமல் இல்லை. புரிந்துவிட்டால் தோற்றதற்குச் சொல்லக் காரணம் இருக்காது, அதுதான் சங்கடம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் கன்ட்ரோலரை ஆசைப்பட்டுத் தேடிப் போய் எடுக்கவில்லை. நஜியாவின் அண்ணன் சைபுல்லா ஷார்ஜாவிலிருந்து லீவில் வந்தபோது ஒரு கன்சோலைக் கொண்டுவந்தார். திரும்பிப் போகும்போது அதை இரண்டு பேருக்குமாக விட்டுவிட்டுப் போனார். நஜியா ஒரு வாரம் ஆடினாள், தலை சுற்றுகிறது என்று விட்டுவிட்டாள். நான் விடவில்லை. சிதம்பரத்துப் பிள்ளைகள் காலேஜ் முடிந்து கேமிங் சென்டருக்குப் போய் உட்கார்ந்து மவுஸ் பழகினார்கள். அவரவருக்கு எது வாய்த்ததோ அதில் கை பழகியது, இதில் யாருக்கும் பெருமையும் இல்லை குறையும் இல்லை.

சென்னையில் நடக்கிற பெரிய போட்டிக்கு எங்கள் மாவட்டத்துக்கு ஒரே ஓர் இடம். போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் அரையிறுதியில் தோற்றேன். இந்த வருஷம் அரையிறுதியில் சிதம்பரத்து இளவரசுவை அடித்துவிட்டுப் பைனலுக்கு வந்துவிட்டேன். அந்த இடம் எனக்கு வேண்டும். ஏன், முப்பது வயதில் இது எதற்கு, போனால் என்ன கிடைக்கும் என்றெல்லாம் கேட்காதீர்கள். வேண்டும், அவ்வளவுதான். அசிஸ்டை அணைத்துவிட்டால் மவுஸ் முன்னால் நான் ஒரு சுற்றுகூட எடுக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். அணைக்கச் சொன்னவர்களுக்கும் அது நன்றாகத் தெரியும்.

கேமிங் சென்டர் மேலவீதியில் ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. படியேறிப் போனபோது கூட்டம் நிறைந்திருந்தது. ஏசி போட்டும் வியர்த்தது. ஒரு நீள மேசையில் அந்தப் பக்கம் கம்ப்யூட்டர், இந்தப் பக்கம் நான் கன்சோலை மாட்ட ஒரு டிவி. எல்லோரும் பார்ப்பதற்குச் சுவரில் பெரிய திரை. சென்டரை நடத்துகிற ஜெயப்பிரகாஷ் ஓடி வந்து, "வாங்க வாங்க, சாப்ட்டீங்களா? கொத்சும் இட்லியும் வாங்கி வெச்சிருக்கேன்" என்றார். நல்ல மனிதர். யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் சொன்னது சரி என்று நினைக்கிற நல்ல மனிதர்.

"இட்லி இருக்கட்டும்ண்ணே. அசிஸ்ட யாரு ஆஃப் பண்ணச் சொன்னது?"

"கமிட்டியில பேசுனோம். நாலஞ்சு கம்ப்ளெயின்ட் வந்துது. ரொம்ப ஜாஸ்தியா இழுக்குதுன்னு…"

"கமிட்டியில கன்ட்ரோலர்ல ஆடுறவங்க யாரு இருக்கா?"

அவருக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. இளவரசுதான். என்னிடம் தோற்ற கோபம் அவன் முகத்தை விட்டு இன்னும் இறங்கவில்லை.

"நான்தான் கம்ப்ளெயின்ட் பண்ணேன். மிஷினு குறி பாக்குது, நீங்க பட்டன் அமுக்குறீங்க. அது ஜெயிப்பா? நாங்க வருசக்கணக்கா கைய பழக்கி வெச்சிருக்கோம்."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்" என்றேன்.

பின்வரிசையில் சிரித்தார்கள். இளவரசு சிவந்துவிட்டான்.

"பேசத் தெரியுதுல்ல, ஆஃப் பண்ணிட்டு ஆடிக் காட்டுங்க!"

"நீ கைய முதுகுக்குப் பின்னால கட்டிகினு ஒரு விரலால மவுஸ தள்ளி ஆடிக் காட்டு. நான் ஆஃப் பண்றேன். உங்க ஸ்கிரீன் எங்க டிவிய விட வேகம், அத பத்தி நான் எப்பவாவது வாயத் தொறந்தேனா?"

இப்படியே கொஞ்ச நேரம் போனது. நான் ஒன்று சொல்ல அவன் இரண்டு சொல்ல, ஜெயப்பிரகாஷ் நடுவில் நின்று இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டிருந்தார். கடைசியில், "பாதி வெச்சிக்கலாமா?" என்று கேட்டார். எனக்கு அதுதான் அதிகமாக எரிச்சல் மூட்டியது. நியாயம் எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்கள்தான் எல்லாவற்றையும் பாதியாக்குவார்கள்.

என்னோடு பைனலில் ஆட வேண்டியவன் செந்தமிழ்ச்செல்வன், சுருக்கமாகச் செல்வன். மவுஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தாடியைத் தடவிக்கொண்டிருந்தான். நல்ல அடர்த்தியான தாடி, கனமான உடம்பு. அவனைப் பார்த்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

"எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க" என்று டிரைவிங் ஸ்கூல் குரலில் கத்தினேன். அந்தக் குரலுக்கு பிரேக் போடாதவர்கள் குறைவு. "இங்க முக்கால்வாசிப் பேரு புவனகிரி, கீரப்பாளையம் பக்கத்துப் பசங்க. வீட்டுல பாகம் பிரிச்சத பாத்திருப்பீங்க. எப்டிப் பிரிப்பாங்க?"

"பெரியவரு பிரிப்பாரு, சின்னவரு எடுத்துப்பாரு" என்றது ஒரு குரல்.

"அதான். அசிஸ்ட எந்த நம்பர்ல வேணா வைங்க. சைபர் வைங்க, பாதி வைங்க, எனக்குப் பரவால்ல. ஆனா ரெண்டு பேர்ல பெரியவங்க நம்பர் வைக்கட்டும். சின்னவங்க மொதல்ல எடுக்கட்டும், கன்ட்ரோலரா மவுஸான்னு. மிச்சம் கெடக்கறது பெரியவங்களுக்கு. எடுத்த பெறகு யாரும் வாயத் தொறக்கக் கூடாது."

அறையில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. அவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எங்கள் அப்பாவும் சித்தப்பாவும் கீரப்பாளையத்து நிலத்தைப் பிரித்துக்கொண்டபோது நானும் வரப்பில் நின்றேன். அப்பா மூத்தவர், அவர்தான் பிரிக்க வேண்டும். முளைக்குச்சியைப் பிடுங்கிப் பிடுங்கி நட்டுக்கொண்டே இருந்தார். வாய்க்கால் பக்கத்து மண் நல்ல மண் என்று அந்தத் துண்டைச் சிறிதாக்கினார். ரொம்பச் சிறிதாகிவிட்டதோ என்று மறுபடியும் குச்சியை நகர்த்தினார். அவருக்குத் தம்பி மேல் அவ்வளவு பாசம் என்று இல்லை. எந்தத் துண்டு தன் தலையில் விழும் என்று தெரியாததால் வந்த பயம். அந்தப் பயம் இந்தக் கமிட்டிக்காரர்களுக்கும் கொஞ்சம் வரட்டும் என்பதுதான் என் எண்ணம். செல்வன் சைபரை வைத்தால் நான் மவுஸை எடுத்துக்கொள்வேன், அவன் அசிஸ்ட் இல்லாத கன்ட்ரோலரோடு அழட்டும்.

"நல்ல யோசனைதான்" என்றார் ஜெயப்பிரகாஷ். இரண்டு பக்கமும் திட்டாத ஒரு வழி கிடைத்ததில் அவருக்கு உயிர் வந்துவிட்டது. "செல்வா, உனக்கு சம்மதமா?"

"சம்மதம்ண்ணே."

"உனக்கு வயசு என்ன?"

"இருவத்தொண்ணு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தத் தாடியை வைத்து முப்பத்தைந்து என்று கணக்குப் போட்டிருந்தேன்.

"உங்களுக்கு?" என்று ஜெயப்பிரகாஷ் என்னைக் கேட்டார். நஜியா துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள்.

"முப்பது" என்றாள் அவளே. துரோகி.

அறை முழுக்கச் சிரிப்பு. நுணலும் தன் வாயால் கெடும் என்பது இதுதான். பிரிக்க வேண்டியவள் நான், எடுக்க வேண்டியவன் அவன். நானே கொண்டுவந்த வழி, அதை நானே மாற்ற முடியாது. மாற்றினால் இனி எந்த முகத்தோடு நியாயம் பேசுவது? போய் மேசையில் உட்கார்ந்தேன்.

திரையில் அசிஸ்ட் அளவு ஒரு கோடாக வந்து நின்றது. ஒரு முனையில் சைபர், மறுமுனையில் நூறு. குமிழ் அறுபதில் இருந்தது. ஆட்டம் எல்லோருக்கும் கொடுக்கிற அளவு அதுதான், நான் எப்போதும் ஆடுவதும் அதில்தான். குறைத்தால் அவன் சிரித்துக்கொண்டே மவுஸை எடுத்துக்கொள்வான், என் கதை முடிந்தது. அறுபதிலேயே விடுவதுதான் ஒழுங்கு. விடத்தான் நினைத்தேன், சத்தியமாக.

"பாருங்க, அறுபதுலயே வெச்சிப்பாங்க" என்றான் இளவரசு. "மிஷினு இல்லாம கை ஓடாது."

எனக்கு ஏறிவிட்டது. குமிழைப் பிடித்து ஒரே தள்ளாகத் தள்ளி நூறில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"இந்தா. மிஷினே ஆடுதுன்னுதானே சொன்னீங்க? இப்ப முழுசா ஆடும். என்கிட்ட இருந்தத விட ஜாஸ்தியாவே வெச்சிட்டேன். தம்பி, மொதல்ல எடுக்கறது நீதான். எடு."

என் கோபம் செய்த காரியம் அப்போதுதான் எனக்கே விளங்கியது. கன்ட்ரோலருக்கு அநியாயமான பலம் என்று புகார் சொன்னவர்கள் முன்னால் அந்தப் பலத்தை இன்னும் கொழுக்க வைத்துத் தட்டில் நீட்டியிருக்கிறேன். எடுத்தால் அவன் பாடு. எடுக்காமல் மவுஸைத் தொட்டால், முழு அசிஸ்டை விட மவுஸ் மேல் என்று அவன் வாயாலேயே ஒத்துக்கொண்ட மாதிரி. கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

அந்தக் கர்வம் நீடிக்கவில்லை.

"மச்சான், கன்ட்ரோலர எடுடா!" என்று இளவரசு குதித்தான். "அவுங்களுக்கு மவுஸே வராது! நீ எதை வெச்சி ஆடுனாலும் ஜெயிச்சிடுவ!"

அவன் சொன்னது உண்மை. நான் மவுஸைத் தொடுவது டிரைவிங் ஸ்கூலில் புதிதாகச் சேர்கிறவர்கள் பெயரை ஏற்றும்போது மட்டும்தான். அங்கேயும் ஒரு முறை அழுத்த வேண்டிய இடத்தில் மூன்று முறை அழுத்துவேன். செல்வன் மவுஸை எடுத்தால் என்ன பேசுவது என்பதுவரை யோசித்துவிட்டேன். கன்ட்ரோலரை எடுத்தால் என் கையில் என்ன மிஞ்சும் என்பதை யோசிக்கவில்லை. சென்னை இடம் கண் முன்னாலேயே நழுவுகிற மாதிரி இருந்தது.

செல்வன் எழுந்து மேசையைச் சுற்றி என் பக்கம் வந்தான். "ஒரு தடவ புடிச்சிப் பாக்கலாமாண்ணே?"

"நெலத்த சுத்திப் பாக்காம எவன்டா பாகம் எடுப்பான்? பாரு" என்றார் ஜெயப்பிரகாஷ்.

நான் எழுந்து இடம் விட்டேன். அவன் கன்ட்ரோலரைக் கையில் வாங்கினான். பயிற்சிக் களத்தில் அசையாமல் நிற்கிற ஆட்கள் சிலர் இருப்பார்கள், அவர்களைச் சுட்டுப் பார்க்கலாம். பெரிய திரையில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். செல்வன் குச்சியைத் தொட்டதும் பார்வை நேராக வானத்துக்குப் போனது. கீழே இறக்கினான், தன் காலைப் பார்த்தது. பக்கத்தில் திருப்பப் போனான், ஒரு முழுச் சுற்று சுற்றிச் சுவரில் முட்டி நின்றது. எதிரே ஆள் நிற்கிறான், இவன் துப்பாக்கி அவனைத் தாண்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிறது. நூறு அசிஸ்ட் இருந்தும் பிடித்து நிறுத்த அங்கே எதுவும் இல்லை. பக்கத்திலேயே வராத குறியை எந்த மிஷின் என்ன செய்யும்?

"மச்சான், மேகத்துல யார்ரா இருக்கா?" என்றான் பின்வரிசையில் ஒருவன்.

செல்வனும் சிரித்துவிட்டான். இன்னும் கொஞ்சம் முயன்று பார்த்தான், நெற்றி வியர்த்தது. பிறகு கன்ட்ரோலரை மேசையில் பூப்போல வைத்தான்.

"இது தானா ஆடல" என்றான். "நான் மவுஸே எடுத்துக்கறேன்."

"டேய், கொஞ்ச நேரம் பழகுனா வந்துடும்டா!" என்று இளவரசு அவன் தோளைப் பிடித்தான்.

"அப்ப நீ பழகு."

அந்த நிமிஷம் அந்தத் தாடிக்காரப் பையனை எனக்குப் பிடித்துவிட்டது. பிடித்ததற்காக விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை நான், அது வேறு. ஜெயப்பிரகாஷ் போனை எடுத்துக் காலையில் அனுப்பிய செய்தியை அழித்தார். "பாகம் முடிஞ்சிது. இதுக்கு மேல பேச்சு கெடையாது" என்றார். நஜியா என் காதுக்குள், "நெஞ்சு நின்னே போச்சுடி, யா அல்லாஹ்" என்றாள். என் நெஞ்சும் அப்போதுதான் ஓடத் தொடங்கியிருந்தது.

ஏழு சுற்று, முதலில் நாலு எடுத்தவர் சென்னைக்குப் போகலாம்.

முதல் சுற்றிலேயே எனக்குப் புத்தி வந்தது. நூறு என்பது எனக்கும் புதிது. அறுபதில் குறியை லேசாகப் பிடித்து விடும், நூறில் பிடித்தால் விடுவதே இல்லை. சேற்றில் இறங்கின சக்கரம் மாதிரி. செல்வன் கன்டெய்னர் ஓரமாக வந்தான், என் குறி அவன் மேல் ஒட்டியது, அவன் சட்டென்று குதித்து மறுபக்கம் போனதும் குறி பழைய இடத்தை விட மனமில்லாமல் இழுபட்டது. அதற்குள் என்னைச் சுட்டுவிட்டான். இரண்டாவது சுற்றும் அப்படியே போனது. பின்னால் இளவரசுவின் கைதட்டல் என் முதுகில் விழுந்தது. கோபத்தில் தள்ளின அந்த நாற்பதுக்கு நான்தான் விலை கொடுக்கிறேன் என்று தெரிந்தது, யாரைத் திட்டுவது?

"அறுபதுக்குக் கொறைக்கச் சொல்லட்டுமா?" என்றாள் நஜியா.

"நான் பிரிச்சது. வாய மூடிகினு இரு."

மூன்றாவது சுற்றில் முறையை மாற்றினேன். புதிதாக வண்டி பழகுகிறவர்களுக்கு நான் சொல்வது உண்டு, ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கிற வண்டியாக இருந்தால் அதோடு சண்டை போடாதே, எவ்வளவு இழுக்கிறது என்று முதலில் தெரிந்துகொள், அந்த அளவுக்கு எதிர்ப்பக்கம் கொடுத்துக்கொண்டே போ. கட்டைவிரலை அப்படி வைத்துக்கொண்டேன். குறி ஒட்டும் முன்பே விரல் மறுபக்கம் தயாராக இருந்தது. மூன்றாவதை எடுத்தேன். நான்காவதில் அவன் என் தலைக்கு மேலிருந்து வந்து விழுந்தான், எதிர்பார்க்கவே இல்லை, போய்விட்டது. அவனுக்கு மூன்று, எனக்கு ஒன்று. இன்னும் ஒன்று போனால் கன்சோலைப் பையில் கட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்க வேண்டியதுதான்.

ஐந்தாவதை எடுத்தேன். அதில் அசிஸ்ட் எனக்கு உதவியது, மறைக்கவில்லை. கிட்டத்தில் வந்து மாட்டினான், குறி ஒட்டியது, முடிந்தது. ஆறாவதில் உதவி எதுவும் இல்லை. அவன் தூரத்தில் கிரேன் மேல் இருந்தான், அந்தத் தூரத்துக்கு அசிஸ்ட் வேலை செய்யாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு குச்சியை மயிரிழை மயிரிழையாக நகர்த்திச் சுட்டேன். விழுந்தான். அறை எழுந்து நின்றுவிட்டது. மூன்றுக்கு மூன்று.

கடைசிச் சுற்று. துறைமுகத்தின் நடுவில், இரண்டு கன்டெய்னர் வரிசைகளுக்கு இடையில் இருந்த சந்தில் நான் நின்றேன். அவன் காலடிச் சத்தம் வலதுபக்கம் கேட்டது. அங்கே ஓர் உருவம் ஓடி வந்தது. என் குறி அதன் மேல் போய் விழுந்து ஒட்டிக்கொண்டது. சுட விரல் வைத்துவிட்டேன். அப்போதுதான் உறைத்தது. அந்த உருவம் நேராக ஓடுகிறது, தலையைக்கூடத் திருப்பவில்லை. அது பொம்மை. எதிராளியை ஏமாற்ற ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரு முறை தன்னைப் போலவே ஒரு பொம்மையை ஓடவிடலாம். செல்வன் அதைக் கடைசிச் சுற்றுவரை மிச்சம் வைத்திருந்தான். அசிஸ்டுக்கு ஆளும் பொம்மையும் ஒன்றுதான். நூறின் முழு பலத்தோடு என் குறியைப் பொம்மையோடு சேர்த்து வலதுபக்கம் இழுத்துக்கொண்டு போனது.

நிஜமான செல்வன் இடதுபக்கம் வந்துவிட்டான்.

கட்டைவிரலை இடதுபக்கம் அழுத்தினேன். குறி நடுங்கியது, வரவில்லை. இன்னும் அழுத்தினேன், குச்சி அதன் விளிம்பில் போய் முட்டியது, நகக்கண் வலித்தது. விட்டது. பிய்த்துக்கொண்டு வந்த குறி அவன் மார்பைக் கடந்தபோது சுட்டேன். அவனும் சுட்டான். திரை ஒரு கணம் சிவந்தது.

நின்றுகொண்டிருந்தது நான்.

நஜியா என்னைக் கட்டிப்பிடித்துக் கத்தினாள். செல்வன் மவுஸை விட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தான். ஜெயப்பிரகாஷ் மைக்கை எடுத்து, "சென்னைக்குப் போறது கடலூரு…" என்று தொடங்குவதற்குள் இளவரசு திரைக்கு முன்னால் வந்து நின்றான்.

"அசிஸ்ட்டு! கடைசி ஷாட்டு அசிஸ்ட்டுதான்! இழுத்தத நான் கண்ணால பாத்தேன். போட்டுக் காட்டுங்க!"

"எடுத்த பெறகு பேச்சு கெடையாதுன்னு சொன்னேன்ல…" என்றார் ஜெயப்பிரகாஷ்.

"போடுங்கண்ணே" என்றேன். "நானும் பாக்கணும்."

விளக்கை அணைத்தார்கள். சந்து முழுவதும் தெரிகிற மாதிரி, அசையாத ஒரு கோணத்திலிருந்து ஆட்டம் தானே பதிவு செய்து வைத்திருந்த கடைசி நொடிகள் சுவரில் ஓடின. சந்து. காலடிச் சத்தம். பொம்மை ஓடி வந்தது. நடுவில் இருந்த என் குறி, கூட்டல் குறி போன்ற ஒரு வெள்ளை அடையாளம், வழுக்கிக்கொண்டு போய்ப் பொம்மையின் மேல் உட்கார்ந்தது. அதோடு சேர்ந்து வலதுபக்கம் நகர்ந்தது.

"பாத்தீங்களா! இழுக்குது பாருங்க!" என்று இளவரசு சுவரைத் தட்டினான்.

"ஆமா, இழுக்குது" என்றேன். "எந்தப் பக்கம்?"

அவன் சுவரைப் பார்த்தான். இடது ஓரத்தில் செல்வனின் உருவம் வந்து நின்றிருந்தது. வெள்ளைக் குறி அதற்கு நேர் எதிர்ப்பக்கம் பொம்மையோடு போய்க்கொண்டிருந்தது. பிறகு அது நடுங்கத் தொடங்கியது. வர மாட்டேன் என்று நடுங்கியது. அதை எது நடுங்க வைக்கிறது என்று அந்த அறையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பொம்மையிலிருந்து பிய்ந்து, சுவரின் முக்கால் அகலத்தைக் கடந்து இடதுபக்கம் வந்து, செல்வனின் மார்பைத் தொட்ட நொடியில் என் துப்பாக்கி வெடித்தது.

இளவரசுவின் கை சுவரிலேயே இருந்தது.

"பொம்ம பக்கம்க்கா" என்றான் செல்வன். கேட்ட கேள்விக்கு யாராவது பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்தான் போலிருக்கிறது. "பொம்ம பக்கம்தான் இழுத்துது. நீங்கதான் திருப்புனீங்க."

ஜெயப்பிரகாஷ் தொண்டையைச் செருமிக்கொண்டு விளக்கைப் போடக் கையை நீட்டினார். மாவட்டத்தின் ஒரே இடம் எனக்குக் கிடைத்துவிட்டது, பெயரை அறிவிக்க வேண்டியதுதான் பாக்கி. ஆனால் எனக்கு ஒன்றும் அவசரம் இல்லை. இரண்டு வருஷமாக என் கையை மிஷின் என்று சொன்ன அத்தனை பேரும் அந்த அறையில் இருந்தார்கள்.

"லைட்ட போடாதீங்கண்ணே" என்றேன். "இன்னொரு தடவ போடுங்க. இன்னும் மெதுவா."